0.3 மி.மீ. துளை: ஸ்பார்க்கில் துளைத்து, மின்வேதியில் முடிக்கும் முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு டை செய்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: ஹார்டனிங் (சூடாக்கிக் கடினமாக்குதல்) முடிந்த டி2 என்ற டை ஸ்டீலில் 0.3 மி.மீ. துளை வேண்டும், உள்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும், என்ன செய்வது? ட்ரில் பிட் அங்கே நிற்காது. மின்பொறியால் உலோகத்தை உருக்கிப் பெயர்க்கும் ஸ்பார்க் எரோஷன் துளைத்துவிடும். ஆனால் உருகி மறுபடி உறைந்த ஒரு தோலைத் துளையின் சுவரில் விட்டுவிட்டுப் போகும். அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். டை ஓட ஆரம்பித்ததும் தோல் உரியும், விரிசல் வளரும். ஸ்பார்க்கால் வடிவத்தைக் கொண்டுவந்து, உப்புநீரில் மின்சாரம் செலுத்தி உலோகத்தைக் கரைக்கும் மின்வேதி முறையில் அந்தத் தோலை மட்டும் எடுப்பதே வழி.

இரண்டு முறைகளையும் தனித்தனியாக அறிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். அதனால் 3 மி.மீ. தடிமனுள்ள டி2 தட்டில் 0.300 மி.மீ. துளை என்ற ஒரே வேலையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன்.

1. கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

கையில் இருக்கும் எலக்ட்ரோடை (பொறி எழுப்பும் கம்பியை) மாட்டித் துளைத்துவிட்டு, அப்புறம் அளவு பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அப்படிச் செய்தால் மின்வேதி வேலைக்கு உலோகமே மிச்சம் இருக்காது. துளை ஏற்கெனவே 0.300-ஐத் தாண்டியிருக்கும்.

கணக்கு முடிவிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். முடிந்த துளை 0.300. மின்வேதியில் சுவரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 5 மைக்ரான் (0.005 மி.மீ.) கரைக்கப் போகிறோம் என்றால், ஸ்பார்க் முடியும்போது துளை 0.290 இருக்க வேண்டும். கடைசி ஸ்பார்க் ஓட்டத்தில் பொறி தாவும் இடைவெளி பக்கத்துக்கு 6 மைக்ரான் என்று வைத்தால், எலக்ட்ரோடு 0.278.

இதற்கு முன்னால் வேகமாகத் துளைக்கும் முரட்டு ஓட்டம் ஒன்று உண்டு. அதில் பொறி பெரிது, இடைவெளியும் பெரிது, பக்கத்துக்கு 10 மைக்ரான் வரை போகும். அதே 0.278 எலக்ட்ரோடால் முரட்டு ஓட்டம் ஓட்டினால் துளை 0.298 ஆகிவிடும். அதற்குப் பிறகு நுண் ஓட்டத்தில் எலக்ட்ரோடு சுவரை எட்டவே எட்டாது. மெஷின் ஓடும், பொறியே இருக்காது. ஆகவே முரட்டு ஓட்டத்துக்கு எலக்ட்ரோடு 0.255 அளவில் இருக்கட்டும், துளை 0.275-க்குப் பக்கத்தில் வரும்.

இந்த இடைவெளி எண்கள் உங்கள் மெஷினில் கொஞ்சம் மாறும். அதே ஸ்டீலின் கழிவுத் துண்டில் துளைத்துப் பார்த்து, உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து, கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். கணக்கு தாளில் முடியாமல் மெஷினைத் தொட வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

பொறிக்கான மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரை மாற்றக்கூடிய நுண் ஸ்பார்க் மெஷின், அதில் சுழலும் ஸ்பிண்டில். 0.3 மி.மீ. டங்ஸ்டன் அல்லது டங்ஸ்டன் கார்பைடு கம்பி. பித்தளைக் கட்டை ஒன்று. ஸ்பார்க் ஆயில். துளைக்குள் விட்டு அளவு பார்க்கும் பின் கேஜ் செட். இரு முகத்தையும் பார்க்க மைக்ரோஸ்கோப். மின்வேதிக்கு, துடிப்பாக மின்சாரம் தரும் பவர் சப்ளை, சோடியம் நைட்ரேட், 0.15 மி.மீ. ஸ்டெயின்லெஸ் அல்லது டங்ஸ்டன் கம்பி, சிறு பம்ப், அயனி நீக்கிய தண்ணீர்.

பித்தளைக் குழாய் மாட்டி வேகமாகத் துளைக்கும் ட்ரில் மெஷின் பலரிடம் இருக்கிறது. வயர்கட்டுக்குத் தொடக்கத் துளை போட அது அருமையான மெஷின். ஆனால் 0.3 குழாய் போட்டால் துளை 0.35-க்குக் குறையாது, சுவரின் தோலும் தடிமனாக இருக்கும். இந்த வேலைக்கு அது வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்தில் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினத்தன்மை உள்ளது. அதை நேராக அயனி நீக்கும் ரெசினில் விட்டால் ரெசின் சீக்கிரமே தீர்ந்துவிடும். முதலில் ஆர்.ஓ., பிறகு ரெசின். கடத்துதிறன் மீட்டர் விலை குறைவுதான், ஒன்று வாங்கி வைத்து ஒவ்வொரு முறையும் அளந்துவிட்டே பயன்படுத்துங்கள்.

3. ஹார்டனிங், கிரைண்டிங், காந்தம் நீக்குதல்

இந்த மூன்றும் இதே வரிசையில் முடிந்த பிறகே துளை. மென்மையாக இருக்கும்போது துளைத்துவிட்டு ஹார்டனிங் அனுப்பினால் துளை அளவு மாறும், உள்ளே செதில் படியும். டி2-வை டெம்பரிங் (மறுபடி மிதமாகச் சூடாக்கி இறுக்கம் தளர்த்துதல்) சரியாகச் செய்திருக்கிறார்களா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். உள்ளே இறுக்கம் மிச்சம் இருந்தால் சிறு பாகம் துளைக்கும்போதே நெளியும்.

கிரைண்டிங் முடிந்ததும் காந்தம் நீக்க வேண்டும். புதியவர்கள் தவறவிடும் முதல் படி இதுதான். சர்ஃபேஸ் கிரைண்டரின் காந்தத் தட்டில் இருந்து எடுத்த துண்டில் காந்தம் மிச்சம் இருக்கும். ஸ்பார்க்கில் பெயரும் இரும்புத் துகள்கள் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரோடு ஷார்ட் ஆகும், மெஷின் பின்வாங்கும், மறுபடி இறங்கும், மறுபடி ஷார்ட். பார்ப்பவர் செட்டிங் தவறு என்று நினைத்து வோல்ட்டைக் கூட்டுவார். ஒரு குண்டூசியைத் துண்டின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம் பரப்பைத் துடைத்து, வைஸில் பிடித்து, டயல் இன்டிகேட்டரால் சமதளம் பாருங்கள். 3 மி.மீ. ஆழத்தில் சிறு சாய்வும் வெளியேறும் பக்கத்தில் துளையை இடம் மாற்றிவிடும். ஏப்ரல், மே மாதச் சேலம் வெயிலில் ஜன்னலோர மெஷின் காலையில் ஓர் அளவும் மதியம் ஓர் அளவும் காட்டும். 100 மி.மீ. ஸ்டீல் 10 டிகிரி சூடேறினால் 11 மைக்ரானுக்கு மேல் நீள்கிறது. நாம் இங்கே பேசுவது 5 மைக்ரான் கணக்கு. நுண் ஓட்டத்தை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினை அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டுப் பிறகு தொடக்கப் புள்ளி எடுங்கள்.

4. எலக்ட்ரோடை அதே ஸ்பிண்டிலில் வைத்தே இளைக்கவும்

வெளியே இளைத்த கம்பியைக் கொண்டுவந்து மாட்டினால், சக்கில் பிடிக்கும்போதே சில மைக்ரான் ஆட்டம் வந்துவிடும். சுழலும் கம்பி ஆடினால் துளை அவ்வளவுக்குப் பெருக்கும். அதனால் 0.3 கம்பியை ஸ்பிண்டிலில் மாட்டி, சுழலவிட்டு, பித்தளைக் கட்டையின் ஓரத்தில் ஸ்பார்க் வைத்து அங்கேயே இளைக்க வேண்டும். அச்சு மாறாததால் ஆட்டம் தானாகவே போய்விடும்.

இளைக்கும்போது கம்பி பாசிடிவ், கட்டை நெகடிவ். துளைக்கும்போது இதற்கு நேர் எதிர். இளைத்து முடித்ததும் வயரை மாற்ற மறந்தால், துளைக்கு பதில் எலக்ட்ரோடு கரைந்துகொண்டிருக்கும்.

கட்டையும் தேயும். அதனால் அசைத்த தூரத்தை நம்பாமல் கம்பியையே மைக்ரோஸ்கோப்பில் அளந்து பாருங்கள். முதலில் 0.278 வரை சுமார் 12 மி.மீ. நீளத்துக்கு இளையுங்கள். அதில் நுனிப் பக்கம் 5 மி.மீ. மட்டும் 0.255 வரை. நுனிப் பகுதி முரட்டு ஓட்டத்துக்கு, மேல் பகுதி நுண் ஓட்டத்துக்கு. ஒரே மாட்டலில் இரண்டும் முடிவதால் மையம் நகராது.

5. துருவம்: பெரிய டை வேலைப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்

பெரிய டைகளுக்குச் செம்பு எலக்ட்ரோடை பாசிடிவ்வில் வைத்துப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே வைப்பார்கள். அங்கே துடிப்பு நீளம். நீண்ட துடிப்பில் நெகடிவ் பக்கம் அதிகம் பெயர்கிறது. நுண் ஸ்பார்க்கில் துடிப்பு மிக மிகக் குறுகியது. கனமான அயனிகள் வேகம் பிடிப்பதற்குள் எலக்ட்ரான்கள் பாய்ந்து முடித்துவிடும், அடி விழுவது பாசிடிவ் பக்கம். ஆகவே வேலைத்துண்டு பாசிடிவ், எலக்ட்ரோடு நெகடிவ். மாறிப்போனால் அறிகுறி தெளிவானது: மேலும் கீழும் நகரும் இசட் அச்சு இறங்கிக்கொண்டே இருக்கும், துளை ஆழமாகாது.

6. கெப்பாசிட்டரும் கேபிளும்

ஒவ்வொரு பொறியின் ஆற்றலும் கெப்பாசிட்டர் அளவில் பாதியை வோல்ட்டின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. 100 வோல்ட்டில் 1000 பிகோஃபாரட் என்றால் 5 மைக்ரோஜூல். 100 பிகோஃபாரட் என்றால் 0.5 மைக்ரோஜூல். முரட்டு ஓட்டத்துக்கு முதலாவது, நுண் ஓட்டத்துக்கு இரண்டாவது. பொறி சிறியதானால் பள்ளமும் சிறியது, உறைந்த தோலும் மெலியது.

100-க்கும் கீழே 10 பிகோஃபாரட் போட்டும் சுவர் மாறவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. மெஷினிலிருந்து ஸ்பிண்டிலுக்கு வரும் கேபிளே ஒரு கெப்பாசிட்டர். நீளமான கேபிள் இரண்டு அருகருகே ஓடினால் நூறு பிகோஃபாரட் அளவுக்கு அதுவே சேர்த்துவிடும். நீங்கள் போட்ட 10 அதில் காணாமல் போகும். கேபிளைக் குட்டையாக வெட்டுங்கள், இரண்டையும் விலக்கி ஓட்டுங்கள், வேலைத்துண்டை மெஷின் படுக்கையிலிருந்து மின்காப்பு வைத்துப் பிரித்து வையுங்கள்.

7. துளைப்பது

முதலில் தேய்மான விகிதம் தெரிய வேண்டும். அதே ஸ்டீலின் கழிவுத் துண்டில் 1 மி.மீ. ஆழம் துளையுங்கள். துளைக்கும் முன்பும் பின்பும் ஒரே புள்ளியில் எலக்ட்ரோடு நுனியைத் தொட்டு அளவெடுங்கள். 0.2 மி.மீ. குறைந்திருந்தால், 3 மி.மீ. துளைக்கு 0.6 மி.மீ. தேயும். தேய்ந்த நுனி தட்டையாக இருக்காது, கூம்பாகிவிடும். அந்தக் கூம்பு முழுவதும் மறுபக்கம் தாண்ட வேண்டும். ஆக முரட்டு ஓட்டம் 4 மி.மீ. வரை இறங்கட்டும். துண்டு துளைந்ததும் நிறுத்திவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மேலே 0.28, கீழே 0.22 என்று கூம்புத் துளைதான் கிடைக்கும்.

மேல் பக்கம் துளை விரிவதற்குக் காரணம் வேறு. பெயர்ந்த துகள்கள் மேலேறி வெளியேறும்போது, எலக்ட்ரோடுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டி, வழியெல்லாம் பக்கப் பொறி எழுப்பும். இதைக் குறைக்க எலக்ட்ரோடை அடிக்கடி, சிறிய தூரத்துக்கு மேலே தூக்கிவிட வேண்டும். மெஷினில் இதை ஜம்ப் என்று போட்டிருப்பார்கள். ஆழம் கூடக் கூட ஒரு ஜம்ப்புக்கும் அடுத்த ஜம்ப்புக்கும் இடையிலான நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைகிறதே என்று ஜம்ப்பை நிறுத்தினால் துகள் சேர்ந்து ஷார்ட் ஆகி, இழந்த நேரம் இன்னும் அதிகமாகும்.

ஆயிலை ஒரு பக்கத்திலிருந்து பீய்ச்சி அடிக்க வேண்டாம். 0.255 கம்பி அந்த அழுத்தத்திலேயே வளையும். முழுகவைத்து, மெதுவாக ஓடவிட்டால் போதும். ஆயில் மட்டம் துளைக்கும் இடத்துக்கு மேல் இரண்டு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. மட்டம் தாழ்ந்தால் பொறி காற்றில் பட்டு ஆயில் தீப்பிடிக்கும். மலிவு என்று மண்ணெண்ணெய் ஊற்றுபவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். அதைவிட நல்ல ஸ்பார்க் ஆயிலுக்கே மாறிவிடுங்கள்.

முரட்டு ஓட்டம் முடிந்ததும் 100 பிகோஃபாரட்டுக்கு மாற்றி, அதே அச்சில் தொடர்ந்து இறக்குங்கள். 0.278 பகுதி நுழைந்து, மேலே விரிந்த இடத்தையும் கீழே குறுகிய இடத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும். இங்கே அவசரம் வேண்டாம்.

8. கழுவாமல் அளக்காதீர்கள்

துளைக்குள் ஆயிலும் கரியும் துகளும் இருக்கும். அப்படியே பின் கேஜை நுழைத்தால் 0.28 பின் கூட நிற்கும், துளை சிறிது என்று தவறாக முடிவு செய்வோம். அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, அசிட்டோனில் அலசி, காற்றில் உலர்த்திய பிறகு அளக்கவும். பின் தன் எடையிலேயே இறங்க வேண்டும். விரலால் தள்ளினால் உள்ளே ஒடியும், ஒடிந்த பின்னை எடுக்க மறுபடி ஸ்பார்க்தான். 0.29 பின் போய், மைக்ரோஸ்கோப்பில் இரு முகமும் வட்டமாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இந்தக் கழுவல் மின்வேதிக்கும் அவசியம். சுவரில் ஆயில் படலம் இருந்தால் அந்த இடம் கரையாது, புள்ளி புள்ளியாக மேடு நிற்கும்.

9. மின்வேதி அமைப்பு

இங்கே பொறி இல்லை, வெப்பம் இல்லை. வேலைத்துண்டு பாசிடிவ், நடுவே ஓடும் 0.15 கம்பி நெகடிவ், இடையில் உப்புநீர். இரும்பு அணு அணுவாகக் கரையும், கம்பி பக்கம் ஹைட்ரஜன் குமிழி வரும். கம்பி தேயவே தேயாது.

உப்பு எது என்பது முக்கியம். சாதாரண உப்பு சுலபமாகக் கிடைக்கிறது என்று அதை எடுப்பவர்கள் உண்டு. குளோரைடு, மின்சாரம் மெலிதாகப் படும் இடத்தையும் கரைக்கும். துளையின் வாய் விரிந்து, தட்டின் முகமும் அரிக்கப்படும். சோடியம் நைட்ரேட்டில் மின்சாரம் குறைவான இடத்தில் ஸ்டீல் மேல் ஒரு காப்புப் படலம் உருவாகி, கரைவது நின்றுவிடும். கம்பிக்கு அருகே மின்னடர்த்தி கூடிய இடம் மட்டும் கரையும். லிட்டருக்கு 120 கிராம் நைட்ரேட், அயனி நீக்கிய தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள்.

தட்டின் இரு முகத்திலும் துளையின் விளிம்பை ஒட்டி நெயில் பாலிஷ் பூசி உலரவிடுங்கள். துளைக்குள் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்பு உருண்டு போகாமல் அது காக்கும். பிறகு கம்பியைத் துளை வழியே விட்டு, மேலும் கீழும் பிளாஸ்டிக் புஷ்ஷில் மையப்படுத்தி, இறுக்கி இழுத்துக் கட்டுங்கள். உப்புநீர் ஊற்றும் முன், உலர்ந்த நிலையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். கம்பிக்கும் தட்டுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. எங்காவது தொட்டால், மின்சாரம் போட்டதும் அந்த இடத்தில் சுட்ட தழும்பு விழும், அதுவரை செய்த வேலை எல்லாம் வீண்.

எல்லா உலோகத்துக்கும் இது பொருந்தாது. டங்ஸ்டன் கார்பைடை நைட்ரேட்டில் வைத்தால் டங்ஸ்டன் மேல் ஆக்சைடு படலம் மூடிக்கொள்ளும், பிணைப்பாக இருக்கும் கோபால்ட் மட்டும் அரிக்கும். அதற்குக் காரத்தன்மையுள்ள வேறு கரைசல் வேண்டும். நம் ஊரில் வெள்ளியையும் இதில் போட்டுப் பார்க்கத் தோன்றும். வெள்ளி கரைந்து வெள்ளி நைட்ரேட் ஆகும், தொட்ட கை கறுக்கும், விலையுள்ள உலோகம் கசடில் போகும். வேண்டாம்.

10. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம்

இதைக் கண் அளவில் செய்யவே கூடாது, கணக்கு சுலபம்தான். 0.29 விட்டம், 3 மி.மீ. ஆழம்: சுவரின் பரப்பு சுமார் 2.7 சதுர மி.மீ. அதில் 5 மைக்ரான் என்றால் 0.014 கன மி.மீ., எடையில் 0.11 மில்லிகிராம். ஒரு கூலும் மின்னூட்டம் 0.29 மில்லிகிராம் இரும்பைக் கரைக்கும். எனவே தேவை சுமார் 0.38 கூலும்.

நைட்ரேட்டில் காப்புப் படலத்தை மீறிக் கரைக்க அடர்த்தி நன்றாக இருக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 20 ஆம்பியர் என்று வைத்தால், நம் துளைக்கு 0.55 ஆம்பியர். பயந்து 20 மில்லிஆம்பியர் வைத்து நீண்ட நேரம் விடுபவர்களுக்குத் துளை மாறாது, மேலே ஆக்சிஜன் குமிழி மட்டும் வரும். 0.55 ஆம்பியரில் மொத்தத் தேவை 0.7 விநாடிதான்.

அந்த 0.7 விநாடியை ஒரே மூச்சில் கொடுக்க முடியாது. ஒரு மில்லிவிநாடி தொடர்ந்து ஓடினாலே பிறக்கும் ஹைட்ரஜன், கம்பிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடத்தில் பாதியை நிரப்பிவிடும். குமிழி இருக்கும் இடத்தில் மின்சாரம் போகாது, சுவர் அலை அலையாக வரும். 0.1 மில்லிவிநாடி ஓடி, 4.9 மில்லிவிநாடி நிற்கும் துடிப்பு வையுங்கள். நிற்கும் நேரத்தில் பம்ப் தள்ளும் நீர் குமிழியையும் கசடையும் அடித்துக்கொண்டு போகும். இந்தக் கணக்கில் 7000 துடிப்பு, 35 விநாடி. 6 வோல்ட்டில் தொடங்கி, துடிப்பின் மின்னோட்டம் 0.55 வரும்வரை மெல்லக் கூட்டுங்கள்.

முழு 35 விநாடியும் ஒரேயடியாக ஓட்டாதீர்கள். இரும்பின் ஒரு பங்கு கூடுதல் மின்னூட்டம் வாங்கிக்கொண்டு கரையும், ஒரு பங்கு மின்சாரம் ஆக்சிஜனாகப் போகும். அதனால் உண்மையான நேரம் கணக்கைவிடக் கூடும். பாதி ஓட்டி, கழுவி, பின் கேஜால் அளந்து, எத்தனை மைக்ரான் வந்தது என்று பார்த்து மிச்சத்தைக் கணக்கிடுங்கள். கரைத்தது திரும்பி வராது.

டி2-வில் உள்ள குரோமியம் கார்பைடு துகள்கள் சுற்றியுள்ள இரும்போடு ஒரே வேகத்தில் கரைவதில்லை. கண்ணாடிப் பளபளப்பு வராது, மங்கலான சீரான சாம்பல் நிறம் வரும். பொறியின் பள்ளங்கள் மறைந்து, நிறம் எங்கும் ஒன்றாக இருந்தால் தோல் போய்விட்டது. திட்டாகப் பளபளக்கும் இடம் இருந்தால் அங்கே இன்னும் மிச்சம் இருக்கிறது.

11. முடிந்ததும்

உடனே அயனி நீக்கிய தண்ணீரில் அலசி, சூடான தண்ணீரில் இன்னொரு முறை, காற்றில் உலர்த்தி, துருத் தடுப்பு ஆயில். நைட்ரேட் தங்கினால் மறுநாளே துரு பூக்கும். பாலிஷை அசிட்டோனில் எடுங்கள்.

நைட்ரேட் கரைசல் பட்ட துணியையும் மரத்தூளையும் பட்டறையில் காயவிடாதீர்கள். சோடியம் நைட்ரேட் தீயை ஊட்டும் பொருள். ஸ்பார்க் ஆயிலும் மண்ணெண்ணெயும் இருக்கும் அதே அறையில் நைட்ரேட் ஊறிக் காய்ந்த துணி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். துணியைத் தண்ணீரில் நன்றாக அலசி, ஈரமாகவே மூடி வையுங்கள். உப்பு மூட்டையை ஆயிலுக்கு அருகே வைக்க வேண்டாம்.

பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். டி2-வில் குரோமியம் ஏறக்குறைய 12% இருக்கிறது. நைட்ரேட்டில் கரையும்போது அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாகிறது. அது நஞ்சு, புற்றுநோய் தரும். கரைசல் மஞ்சளாக மாறினால் அது சேர்ந்துவிட்டது என்று அறியலாம். ஊரின் சாக்கடைகள் சேருவது திருமணிமுத்தாற்றில், அது ஏற்கெனவே போதுமான அளவு சுமந்துவிட்டது. மஞ்சள் கரைசலை அமிலத்தன்மை ஆக்கி, ஃபெரஸ் சல்ஃபேட் போட்டு மஞ்சள் போன பிறகு, சுண்ணாம்பு சேர்த்தால் குரோமியம் கசடாக அடியில் படியும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கசடை மூடிய டிரம்மில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். டிரம்மின் மேல் உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் நிரப்பியது என்று எழுதி வையுங்கள்.